பீரோ மேல் இருந்த பை: ஒரு குடிநோயாளி சிகிச்சைக்கு வந்த கதை

"வண்டி சொல்லியாச்சுங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வருவாங்களாமா. நாலு ஆளுங்க. அவர் தூங்கிட்டு இருக்கும்போதே தூக்கிருவாங்களாமா. நான் கையெழுத்துப் போட்டாப் போதும்னு அண்ணன் சொல்றாருங்க. போடலாமுங்களா?"

எங்கள் குடிநோய்ப் பிரிவுக்கு அந்த அம்மா முதல் தடவை வந்தபோது கேட்டது இதுதான். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நாலாக மடித்த படிவம், ஏதோ ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துடையது. பாதுகாவலர் கையெழுத்துக்கு இடம் இருந்தது, நோயாளியின் கையெழுத்துக்கு இடமே இல்லை.

இந்த வீடு ஒரே வீடு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் பல வருடங்களாகப் பார்த்த வீடுகளைக் கலந்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒரு வீடாக்கி எழுதியிருக்கிறேன். மருந்து, சட்டம், ஆராய்ச்சி பற்றிய விவரங்களில் கை வைக்கவில்லை.

கணவருக்கு 44 வயது. சொந்தமாக லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். மனைவிக்கு 38, வீட்டிலேயே தையல். மகள் பிளஸ் ஒன். கணவரின் அம்மா கூடவே இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். வேலையில் கணவர் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் தள்ளிப் போனால்கூட அந்தப் பீஸை ஸ்கிராப் டப்பாவில் போட்டுவிட்டு வேறு கடைகிற ஆள். இதை அந்த அம்மா மூன்று தடவை சொன்னார். குடிகாரனின் மனைவி என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். பின்னால் எல்லாமே அந்த வெர்னியரில்தான் வந்து நின்றது.

ஆரம்பத்தில் சாயங்காலம் ஒரு குவாட்டர். கடைசி மூன்று வருடமாக நாளுக்கு மூன்று. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டரில் ஏறத்தாழ 61 கிராம் சுத்த ஆல்கஹால். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஒரு அளவு. ஆக, இவர் நாளுக்குப் பதினெட்டு அளவு. முதல் கட்டிங் விடியற்காலை ஆறு மணிக்கே உள்ளே போய்விடும். டாஸ்மாக் திறப்பதோ மதியம் 12 மணிக்கு. காலைச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று மனைவிக்குத் தெரியவில்லை. "பிளாக்ல வாங்கறார் போல" என்றார். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

படிவத்துக்கு வருவோம். கையெழுத்துப் போடலாமா என்பதற்குப் பதில் சொல்லும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்தியபோது எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். கணவர் வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். மாலை போட்ட 41 நாளும் தொடவே மாட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் காட்டிப் பேசுவார்கள், 'நெனச்சா விட முடியுது பாரு, மனசு வைக்க மாட்டேங்குறான்' என்று. போன வருடம் மாலை போட்ட இரண்டாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் பூஜை அறை வாசலிலேயே விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. நாக்கைக் கடித்து ரத்தம். சாமி குத்தம் என்று மாலையைக் கழற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலமே குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சாமி குத்தம் ஒன்றுமில்லை. பல வருடம் தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து நினைவு குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிந்து, ஆளையே அடையாளம் தெரியாமல் போகலாம். மருந்தில்லாமல் விட்டால் அதில் உயிர் போனவர்கள் உண்டு. பத்து வருடத்துக்கு முன்பு சும்மா மாலை போட்டு விட முடிந்த அதே மனிதருக்கு இப்போது அது முடியாது. மனசு மாறவில்லை, மூளை மாறிவிட்டது.

அப்படிப்பட்ட ஒருவரை விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கிக்கொண்டு போய், மருத்துவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இடத்தில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். அந்த அம்மா படிவத்தைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சட்டத்தையும் சொன்னேன். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். சம்மதம் தராதவரைச் சேர்க்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 89-வது பிரிவில் வழி இருக்கிறது. அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியாக அவரைப் பார்த்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருக்கிறார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதுவும் 30 நாளுக்குத்தான், பதிவு பெற்ற இடத்தில்தான். நாலு ஆள், ஒரு வேன், மனைவியின் கையெழுத்து என்பது இதில் எங்கேயும் இல்லை. சில வீடுகளில் அந்தப் பிரிவைப் பயன்படுத்தச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். இவர் அந்த நிலையில் இல்லை.

இதற்கு முன் வீட்டில் செய்து பார்த்தவை இரண்டு.

ஒன்று, பொடி. 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று வாட்ஸாப்பில் வந்ததைப் பார்த்து மனைவி பணம் கட்டி வாங்கினார். சாயங்காலம் ரசத்தில் கலந்துவிடுவார். நாலாம் நாள் குடித்துவிட்டு வந்தவருக்கு முகமெல்லாம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்கவே இல்லை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, மேலே எழுதியிருக்கவும் இல்லை. கேட்ட அறிகுறிகள், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்துடையது போல இருந்தன. அது நல்ல மருந்துதான். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு, இதயத்தையும் கல்லீரலையும் பார்த்த பிறகு சாப்பிடுகிறவருக்கு நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷத்துக்குப் பக்கத்தில் வரும். ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட உடம்பில் அதன் வேலை இருக்கும். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ரசம் ஊற்றிக்கொள்வதில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இரண்டாவது, மனைவியின் அண்ணன் கூட்டிய பஞ்சாயத்து. பெரியப்பா, சித்தப்பா, மனைவியின் அண்ணன், பட்டறைப் பக்கத்துக்காரர் ஒருவர் என்று ஆறு பேர் ஹாலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். "மாப்ளே, வயசுக்கு வர்ற புள்ளைய வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "சரிங்க மச்சான், இனித் தொட மாட்டேன்" என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டறையில் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிய வேண்டும் என்பதற்காகச் சொன்ன 'சரி' அது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

உறவுகள் கூடி நேருக்கு நேர் பேசும் முறை வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் அதை ஒரு முறையாக்கினார். அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டை 1978-ம் ஆண்டு ஏப்ரலில் குடும்பம் முழுக்க உட்கார்ந்து பேசித்தான் லாங் பீச் கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். அவர் தேறி வந்து, 1982-ல் தன் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். அதனால் அந்த முறை ரொம்பப் பிரபலம். ஆனால் அங்கே கூடவே மருத்துவர் உட்கார்ந்திருந்தார், போக இடமும் தயாராக இருந்தது. நம் பஞ்சாயத்தில் இரண்டும் இல்லை. 'குடிக்காதே' என்று சொன்னவர்களில் ஒருவர்கூட 'எங்கே போகலாம், எப்போது போகலாம்' என்று சொல்லவில்லை.

1999-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் உள்ளிட்டோர் செய்தது. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் உறவினர்கள் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கான அல்-அனான் குழுக்களின் வழியில் 'நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பப்பட்ட பிரிவில் 13 சதவீதம் வீடுகளில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். ஜான்சன் முறையில் 30 சதவீதம்; அந்தப் பிரிவில் பெரும்பாலான குடும்பங்கள் அந்தக் கூட்டத்தை நடத்தவே துணியவில்லை. மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில் 64 சதவீதம். இந்த மூன்றாவது முறையில் சண்டை கிடையாது, கூட்டம் கிடையாது. வீட்டில் இருப்பவர் தன் நடவடிக்கையை மாற்றுவார்: குடிக்காத நேரத்தை இனிப்பாக்குவது, குடியால் வரும் சங்கடத்தை இடையில் புகுந்து துடைக்காமல் விடுவது, சரியான நேரம் பார்த்துச் சின்னதாகக் கேட்பது. நாங்கள் அந்த அம்மாவோடு செய்தது இதைத்தான், நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி.

தொடங்கும் முன் அடியைப் பற்றிக் கேட்டேன். அடிக்கிற வீட்டில் இந்த முறையை அப்படியே எடுத்துப்போகக் கூடாது. தட்டை வீசியிருக்கிறார், கை வைத்ததில்லை என்றார். மகளிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இருந்தாலும் ராத்திரி எந்த வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்து, பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும் போனில் ஏற்றிக்கொடுத்தோம்.

முதல் இரண்டு வாரம் வேறு எதுவும் செய்ய வேண்டாம், ஒரு நோட்டுப் போடுங்கள் என்றேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது. தையல் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதினார். 'மார்பு 36, கை நீளம் 9' என்பதற்குப் பின்னால் 'செவ்வாய், ராத்திரி 8.40, தள்ளாட்டம், சாப்பிடலை' என்று இருக்கும்.

நோட்டில் இரண்டு விஷயம் தெரிந்தது. வியாழக்கிழமைகளில் அவர் குறைவாகவே குடிக்கிறார். வியாழன் சாயங்காலம் பீஸ்களை அளந்து வாங்கிப்போக ஒரு பெரிய பம்பு கம்பெனிக்காரர் வருவார். அடுத்தது, ராத்திரி அவர் சட்டைப்பையில் ஒரு பைசா இல்லை என்று பார்த்து வைத்த நாளிலும் காலை ஆறரைக்கு வாடை அடிக்கிறது. ஆறு மணிக்கு வெளியே போகவும் இல்லை. அப்படியென்றால் சரக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மாமியாரை அழைத்து வாருங்கள் என்றேன். "அவிங்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லீங்க. மகனுக்குச் செல்லம் குடுத்தே கெடுத்தவங்க" என்றார். அடுத்த வாரம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி வந்தார். நான் கேட்கவே இல்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"நான்தானுங்க குடுக்கறேன். அரிசி டிரம்முக்குள்ள வெச்சிருப்பேன். காலையில காபி டம்ளர்ல ஊத்திக் குடுத்துருவேன். கை நடுங்குதுங்க அவனுக்கு. குடுக்கலீன்னா மறுபடியும் இழுத்துக்கும். பூஜை ரூம் வாசல்ல விழுந்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். பெத்தவ அதை இன்னொரு தடவை பாக்க முடியுங்களா?"

அப்புறம் சொன்னது முக்கியம். "அவனே சொன்னானுங்க. 'ஆஸ்பத்திரிக்குப் போனா சரக்குக் குடுக்க மாட்டாங்க அம்மா, அன்னிக்கே இழுத்துட்டுச் செத்துருவேன்'னு."

மருமகள் திரும்பி மாமியாரைப் பார்த்தார். அவர் கணவர் ஒன்பது வருடமாக 'வரமாட்டேன், என்னால முடியும், எனக்கு ஒண்ணுமில்ல' என்று கத்திக்கொண்டிருந்தவர். அதைத் திமிர் என்றார் அண்ணன், அலட்சியம் என்றார் மனைவி, எங்கள் படிவத்தில் அதற்கு 'மறுப்பு' என்று ஒரு கட்டமே இருக்கிறது, அதில் நானும் டிக் அடித்திருந்தேன். போன வருடத்திலிருந்து அதற்குள் ஒரு சாதாரண பயம் உட்கார்ந்திருந்தது. அதுவும் நியாயமான பயம். அதை அவர் சொன்னது அம்மாவிடம் மட்டும். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

நோயாளி எதற்கு வரமாட்டேன் என்கிறார் என்று இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும் கேட்கிறேன். மகளுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம் வரும். பட்டறைக் கடன்காரன் வந்து நிற்பான் என்று வரும். மனைவி ஓடிவிடுவாள் என்று வரும். ஷாக் கொடுப்பார்கள், பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'குடி குடியைக் கெடுக்கும்' என்று சொல்லிப் பயனில்லை, அது பாட்டில் மேலேயே இருக்கிறது.

மருத்துவரிடம் பேசினோம். அவர் முதலில் சொன்னது: சிகிச்சைக்கு வரும்வரை அந்தக் காலை டம்ளரை நிறுத்த வேண்டாம். இதைப் படிக்கும் சக பணியாளர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். வேறு வழியில்லை. அம்மா பயந்தது மருத்துவப்படி சரிதான். நிறுத்தியது வேறு விஷயங்களை. கஸ்டமர் போன் செய்தால் "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று மனைவி சொல்வது நின்றது. போனை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். பார் கடனை அண்ணன் அடைப்பது நின்றது, அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எனக்கு இரண்டு தடவை பிடித்தது. வாந்தியெடுத்த பாயை ராத்திரியோடு ராத்திரியாக அலசிப் போடுவதும் நின்றது. காலையில் அவர் கண் முன்னால் கிடந்தது.

குடிக்காத நேரத்துக்கு என்ன செய்வது? வியாழக்கிழமை சாயங்காலம், கம்பெனிக்காரர் போன பிறகு, மனைவி பட்டறைக்கே டீயும் வெங்காய பஜ்ஜியும் கொண்டுபோய், அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு குடியைப் பற்றி இருக்காது. குடித்துவிட்டு வந்த நாளில் சோற்றை மூடி வைத்துவிட்டு மகளோடு உள்ளே படுத்துவிடுவார். "பேசாம இருக்கறதுதானுங்க கஷ்டம். வாய் நமநமன்னு இருக்கும்" என்றார்.

கூடவே ஒரு பை. சம்மதம் என்பது வந்தால் ஒரு மணி நேரம் நிற்கும், சில சமயம் அரை மணி நேரம். அந்த நேரத்தில் ஆதார் கார்டைத் தேடிக்கொண்டிருந்தால் போய்விடும். ஆதார், காப்பீட்டு அட்டை, இரண்டு லுங்கி, துண்டு, பிரஷ், ஷேவிங் செட். பீரோ மேல் வைத்துவிட்டார். எந்த நாள் ஆனாலும் காலை ஏழரைக்கு மேல் எனக்குப் போன் செய்யலாம், படுக்கை இருக்கும் என்று ஏற்பாடு.

ஐந்தாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். எல்லாம் நன்றாகப் போகிறதே என்று, "கேட்டுப் பாருங்கள்" என்று அவசரப்படுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை எழுதியே கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சினிமா வசனம் மாதிரி இருக்குங்க" என்று சிரித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் கேட்டது சனிக்கிழமை சாயங்காலம், ஆட்களுக்குக் கூலி பட்டுவாடா செய்யும் நேரம். "உன்ற அண்ணன் சொல்லிக் குடுத்தானா?" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள்தான் வந்தார். நேரம் தப்பு, வசனமும் என்னுடையது. நோட்டில் அந்த அம்மா எழுதியிருந்தார்: 'சனி கேக்கக் கூடாது.' நான் சொல்லாமல் அவராகவே கற்றுக்கொண்டது.

எட்டாவது வாரம், திங்கட்கிழமை காலை.

மகள் பள்ளிக்குக் கிளம்பிப் பட்டறை வழியாகப் போகிறாள். அவர் லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்து முடித்து, வெர்னியரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பாப்பா, இது எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு சாமி. கண்ணாடி எடுத்துட்டு வரல." சில மாதமாகவே காலையில் அவளைத்தான் பார்க்கச் சொல்கிறார். அவளுக்கும் நன்றாகப் பழகிவிட்டது. அன்றைக்கு அவள் அளவைச் சொல்லிவிட்டு, "கண்ணாடி சட்டைப்பையிலதானப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குத்திக்காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னாள்.

கண்ணாடி பிரச்சினையே இல்லை. கை நடுக்கத்தில் வெர்னியரின் தாடை ஷாஃப்ட் மேல் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

சைக்கிளில் ஏறும்போது அவள் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து பட்டறைக்குப் போனார். அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனைவி சொன்னது, பின்னால் என்னிடம் சொன்னபடி:

"என்னங்க, வலிப்பு வராம மாத்திரை குடுத்துத்தான் நிறுத்துவாங்களாமா. முதல் நாள்லிருந்தே குடுப்பாங்களாமா. அது நெசமான்னு மட்டும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்துரலாமுங்க."

சேரச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றார். நான் எழுதிக் கொடுத்ததைவிட எவ்வளவோ மேல்.

"கட்டிப் போடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க. நான் போய்ப் பாத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கட்டிங் போட்டுட்டு வர்றேன், இல்லன்னா பஸ்ல நடுங்கும்" என்றார். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் எல்லாம் உடையும். குடித்துவிட்டா ஆஸ்பத்திரிக்கு வருவாய் என்று சண்டை வரும். மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தோம்: குடித்துவிட்டு வந்தாலும் வரட்டும். "சரிங்க" என்றார். பீரோ மேலிருந்த பையை இறக்கினார். போன் வந்தபோது எட்டேகால்.

மருத்துவர் அவரிடம் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. வலிப்பைப் பற்றித்தான். குளோர்டயாசெபாக்சைடு மாத்திரையை முதல் நாள் கூடுதலாகத் தொடங்கித் தினமும் குறைத்துக்கொண்டே போவோம், நடுக்கம் எவ்வளவு என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்போம், முதலில் தயமின் ஊசி போடுவோம் என்று சொன்னார். தயமின் என்பது வைட்டமின் பி1. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அது தீர்ந்துபோயிருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இவர் மெஷின்காரர், எது ஏன் எந்த வரிசையில் என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறவர். "அப்ப இன்னிக்கே போடலாமுங்களா?" என்று அவராகவே கேட்டார். சேர்க்கைப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார், கோணல்மாணலாக.

பத்து நாள் வார்டில் இருந்தார். வலிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் தூக்கமில்லாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

ஏழாம் நாள், மேற்கொண்டு எந்த மருந்து என்று பேசும்போது டைசல்ஃபிராம் பற்றிச் சொன்னோம். அவர் மனைவி பக்கம் திரும்பி, "ரசத்துல போட்டியே, அதுங்களா?" என்றார். அந்த அம்மா அழுதுவிட்டார். அவருக்கு அன்றிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த மருந்து வேண்டாம் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. கல்லீரல் சோதனையைப் பார்த்துவிட்டு, குடி ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் தொடங்கினோம்.

பொடி கலக்கலாமா என்று கேட்கிற குடும்பங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்கிறேன். உடம்புக்கு வரும் ஆபத்து ஒருபக்கம். இன்னொரு பக்கம், பின்னால் அவருக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு மருந்தின் கதவை அந்த ரசம் அடைத்துவிட்டது.

2019-ல் வெளியான எய்ம்ஸ் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவியோ சிகிச்சையோ பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். இந்த எண்ணைப் பார்க்கும்போது மீதி 37 வீடுகளிலும் ஒரு பாட்டி இருப்பார் என்று எனக்குத் தோன்றும், யாரும் கேட்காத ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. குடிப்பவர் வராவிட்டாலும் வீட்டில் இருப்பவர் பேசலாம். அது பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு நாலு மாதம் ஒழுங்காக இருந்தார். ஊர் நோம்பியில் சொந்தக்காரப் பையன்கள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டார். இரண்டாம் நாளும் குடித்தார். மனைவி எனக்குப் போன் செய்து, "பழையபடி ஆயிருச்சுங்க" என்றார். பயந்துபோய் நான் அவரை வரச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் வெளியே பெஞ்சில் அவரே உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார், தனியாக. மடியில் அதே பை. முதல் தடவையே அந்தப் பையைப் பீரோ மேல் வைத்த மறுநாளே பார்த்துவிட்டேன் என்று அப்போது சொன்னார். யாரும் இல்லாத நேரத்தில் இறக்கித் திறந்து பார்த்திருக்கிறார். ஷேவிங் செட்டில் புது பிளேடு போட்டிருந்ததாம்.

"ரெண்டு லுங்கிதானுங்க இருந்துச்சு. ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க போலன்னு நெனச்சேன்" என்றார். மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். இந்தத் தடவையும் இரண்டுதான்.